மழைக்காலத்தில் இறுகும் நடைவண்டி: பிள்ளைகளின் மரச் சாமான்களை வீட்டிலேயே பராமரிக்க

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் எங்கள் வீட்டு நடைவண்டி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றவில்லை. பெரியவள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை, ஒரே அழுகை. நான் உப்புத்தாளைச் சுருட்டிச் சக்கரத் துளைக்குள் விட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். வண்டி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பங்குனியில் அதே சக்கரம் அச்சில் லொடலொடவென்று ஆடி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பிள்ளையையும் சேர்த்துச் சாய்த்தது.

மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு வரும் ஆசாரி சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "மழை நாள்ல மரத்தைத் தேய்க்கலாமாம்மா? தண்ணி குடிச்சு உப்பியிருக்கு, தை பொறந்தா தானா இளைக்கும். உப்புனதை நீ சீவிட்ட. இப்ப இளைச்சதுக்கு என்ன பண்ணுவ?" பிறகு அவரே துளையில் சின்ன பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிச் சரிசெய்து கொடுத்தார்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், காய்ந்த காற்று வந்தால் விடும். நீளவாக்கில் அனேகமாக மாறாது. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அதனால்தான் கார்த்திகையில் மேசை இழுப்பறை சிக்கிக்கொள்கிறது, சித்திரையில் நாற்காலிக் கால் ஆடுகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சுற்றிலும் வயல் நிறையத் தண்ணீர். டெல்டாவில் மரச் சாமானை ஈரத்திடமிருந்து காப்பாற்றிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பாலிஷ், பளபளப்பு எல்லாம் அப்புறம்.

படி 1: கையில் இருப்பது என்னவென்று பாருங்கள்

பொருளின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடத்தில் உள்ளே இழுத்து அந்த இடம் கறுத்தால் அது பூச்சில்லாத மரம். சொட்டு முத்தாக நின்றால் வார்னிஷ், பெயிண்ட் அல்லது அரக்கு ஏறியிருக்கிறது.

அரக்கைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கடைசல் பிடித்துச் செய்த சொப்புச் சாமான், கிலுகிலுப்பை, பம்பரம் இவற்றில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி நிறம் ஏற்றுவார்கள். உருண்டை உருவமும், சுற்றிச் சுற்றிப் போகும் வண்ணக் கோடுகளும், கண்ணாடி மாதிரி மினுக்கும் இருந்தால் பெரும்பாலும் அரக்குதான். அரக்கு சூட்டில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். கொரோனா சமயத்தில் நான் எல்லாவற்றையும் சானிடைசர் போட்டுத் துடைத்தேன் இல்லையா, மகளின் சொப்பிலிருந்து சிவப்பும் மஞ்சளும் பஞ்சோடு வந்துவிட்டன. இப்போது அந்தக் குட்டி ஆட்டுக்கல் மட்டும் வெளிறிப்போய் இருக்கிறது.

மரப்பாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை கடித்தால் நல்லது என்று பாட்டிமார் சொல்வது பழைய, பூச்சில்லாத செம்மரப் பொம்மையைப் பார்த்து. வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றியதும் இப்போது விற்பனைக்கு வருகிறது. ஈரத் துணியில் தேய்த்தால் நிறம் வருகிறதென்றால் அது கொலுப்படியோடு நிற்கட்டும், பிள்ளை வாய்க்கு வேண்டாம்.

படிக்கும் மேசை, குட்டி அலமாரி என்று ஆன்லைனில் வாங்கியவை பல மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அதன் விளிம்பில் தண்ணீர் புகுந்தால் பிஸ்கட் மாதிரி உப்பும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. அதற்கு ஒரே வைத்தியம், வீடு கழுவும்போது தூக்கி வைப்பது.

படி 2: துடைப்பது

பழைய வேட்டியைக் கிழித்து மூன்று துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். முதல் துணியை நனைத்து, ஒரு சொட்டும் விழாத அளவுக்கு ஒட்டப் பிழிந்து, மரத்தின் ரேகை போகும் திசையில் துடையுங்கள். இரண்டாவது துணி வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது. மூன்றாவது உலர்ந்தது. கடைசல் வளையங்களுக்குள் ஒட்டியிருக்கும் பருப்புச் சாதத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

பக்கெட்டில் ஊற வைக்கவே வேண்டாம். பொம்மைக்கு உள்ளே போகும் தண்ணீர் பசையை விடுவிக்கும், வெடிப்பு விடும், பூஞ்சணம் பிடிக்கும்.

துடைத்ததை நிழலில், காற்று போகிற இடத்தில், புரட்டிப் புரட்டிக் காய வையுங்கள். திண்ணை நல்ல இடம். பங்குனி உச்சி வெயிலில் நேராக வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் இருக்க, முனைகளில் கீறல் விடும். மகளின் மரக் குதிரைக்குக் காதோரத்தில் ஒரு கோடு இருக்கிறது. மொட்டைமாடியில் நான் ஒரு மணி நேரம் மறந்துபோனதன் அடையாளம்.

படி 3: சிலாம்பு தேடுவது

கண்ணால் பார்த்தால் தெரியாது. பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தொட்டில் கம்பி, நாற்காலி விளிம்பு, நடைவண்டிக் கைப்பிடி எல்லாவற்றையும் தடவுங்கள். சிலாம்பு இருக்கும் இடத்தில் சாக்ஸ் நூல் மாட்டி இழுக்கும். அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

பிறகு 120 எண் உப்புத்தாள், அதன் பின் 220. எண் கூடக்கூடத் தாள் நைசாகும். சின்னக் கட்டைத் துண்டில் தாளைச் சுற்றி, ரேகையோடு தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் போகாது. கூர் விளிம்புகளைக் கட்டைவிரல் வழுக்கிப் போகிற அளவுக்கு மழுக்கினால் போதும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வைத்துச் செய்யுங்கள். தூள் முழுக்கத் துடைத்த பிறகுதான் பிள்ளைகள் பக்கம் வர வேண்டும்.

பழைய பெயிண்ட் அடித்த சாமானை மட்டும் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயிண்டில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. தேய்த்தால் அது தூளாகிப் பிள்ளையின் மூச்சுக்கும் வாய்க்கும் போகும். தாத்தா காலத்துத் தொட்டில் பச்சைப் பெயிண்ட் உரிந்து நிற்கிறதா? ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

இந்தத் தடவலிலேயே கழன்று வரும் சின்னப் பாகங்களையும் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், சுமார் மூன்று செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது. ஆடுகிற மணி, கழன்ற சக்கர மூடி எல்லாம் இன்றே வெளியே போகட்டும்.

படி 4: எண்ணெய், மெழுகு

பூச்சில்லாத மரத்துக்கு மட்டும்தான் இந்தப் படி. வார்னிஷுக்கும் அரக்குக்கும் எண்ணெய் பூசிப் பயனில்லை.

நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். பல்லாங்குழிப் பலகைக்கு அதைத் தாராளமாகத் தேய்த்தேன். ஒரு மாதத்தில் பலகை பிசுபிசுத்து, தூசி ஒட்டி, சிக்கு வாடை வந்தது. புளியங்கொட்டையைப் போட்டால் குழியிலேயே ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெய் மரத்தில் காய்ந்து இறுகாது. காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டுப் பிசினாகும்.

மெடிக்கலில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்கள், மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. வேறு மருந்து எதுவும் கலக்காத, வெறும் பாரஃபினாகப் பார்த்து வாங்குங்கள். அது கெட்டுப்போகாது. 100 மி.லி.க்கு 25 கிராம் தேன்மெழுகு. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும், அதற்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து இரண்டையும் போடுங்கள். மெழுகு அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உருகிவிடும், நேரடித் தீயில் வைக்க வேண்டாம். ஆறினால் களிம்பு மாதிரி இறுகும்.

விரல் நுனியளவு எடுத்து, துணியில் வைத்து, மெல்லிசாகத் தேயுங்கள். ராத்திரி முழுக்க விட்டு, காலையில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். கையில் வழுவழுப்பு ஒட்டினால் கூடுதலாகப் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம், இன்னும் துடையுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை போதும். மாசியில் ஒன்று, புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஒன்று. பாரஃபின் பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

ஹார்டுவேர் கடையில் ஆளிவிதை எண்ணெய் தருவார்கள். சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருக்கலாம், பொம்மைக்கு வேண்டாம். கதவுக்குப் பூசினாலும், பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் குப்பைக்கு.

படி 5: ஆடும் கால்கள்

இது மாசி, பங்குனி வேலை. மரம் இளைத்த பிறகுதான் எந்த மூட்டு உண்மையில் தளர்ந்தது என்று தெரியும். திருகாணி இருந்தால் முடுக்கிவிடுங்கள். பசை மூட்டு என்றால் மெதுவாகத் தட்டிக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டுங்கள். பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. பெவிகால் தடவிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க மூட்டு இறுகும். குச்சியைக் கட்டி வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். ஆணி அடிக்கும் ஆசை வரும், வேண்டாம். மரம் பிளக்கும், ஆணி துருப்பிடிக்கும், பிறகு துணியையும் தோலையும் கிழிக்கும்.

கம்பித் தொட்டில் என்றால் கம்பிகளுக்கு இடையே ஆறு செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு கம்பி உடைந்திருந்தாலும் மாற்றும்வரை பயன்படுத்த வேண்டாம். தூளி, ஊஞ்சல் தொங்கும் உத்திரக் கொக்கியை நாற்காலி போட்டு ஏறிக் கையால் அசைத்துப் பாருங்கள்.

படி 6: மழைக்கு முன்

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் ஓட்டுத் துண்டோ செங்கல்லோ கொடுங்கள், கரையானுக்கும் அது தடை. பரணில் போடுவதைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றுங்கள். கொலு முடிந்து மரப்பாச்சி பரணுக்குப் போகிறபோதும் இதே கதைதான். அந்துருண்டை பொம்மைப் பெட்டிக்குள் கூடாது. நாப்தலின் கைக்குழந்தைகளுக்கு விஷம்.

பூஞ்சணம் பிடித்தே விட்டால், முகக்கவசத்தோடு வெளியே எடுத்துப்போய்ப் பிரஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, காலை வெயிலில் காட்டுங்கள். வெள்ளச் சாக்கடையில் ஊறிய பூச்சில்லாத பொம்மையை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காது என்றாலும்.

படி 7: உளு

பொம்மைக்கு அடியில் மைதா மாதிரித் தூள் கொட்டியிருக்கிறதா? குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிகின்றனவா? தூளைத் துடைத்துவிட்டு, ஒரு கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் அதன்மேல் வையுங்கள். மறுபடி தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. மருந்து அடிக்காதீர்கள், பிள்ளை கடிக்கும். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்த பின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வையுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த மரத்தின் மேல் காற்றின் ஈரம் படியும். ஐஸ் கட்டி எடுக்கப் போன என் மாமியார், பைக்குள்ளிருந்து முறைத்த குதிரையைப் பார்த்து "இதையும் குழம்பு வைக்கவா?" என்று கேட்டார். அரக்குப் பூசியதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பூச்சு வெடிக்கலாம். கட்டில், அலமாரி அரித்திருந்தால் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

இதோ இந்த வருஷமும் ஐப்பசி. குழாய்த் துண்டு போட்ட சக்கரம் ஓடுகிறது, மற்ற இரண்டும் இறுகிவிட்டன. சின்னவன் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சுற்றுகிற ஒற்றைச் சக்கரத்தை ஸ்டியரிங்காகப் பிடித்து, திருவாரூர் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறான். உப்புத்தாளை அலமாரியின் மேல்தட்டில், தை வரை எனக்கே எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.