கிரிமினல் வழக்கில் இலவச வக்கீல்: வருமான வரம்பு யாருக்கு, யாருக்கு இல்லை? (செய்முறை விளக்கம்)

அரசு செலவில் வக்கீல் கேட்டுப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "வருமான வரம்பு எவ்வளவு சார்?" என்றுதான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற வழக்கென்றால் 5 லட்சத்துக்குக் கீழே. இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொண்டு, "நமக்குக் கிடைக்காது" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு அந்த வரம்பே பொருந்தாது. மற்றவர்களுக்குப் பொருந்தினாலும் அவர்கள் கணக்குப் போட்ட விதம் வேறு.

என் மச்சினன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு அடிதடி வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டது. ஜாமீன் வரைக்கும் வெளி வக்கீல் பார்த்தார், அதோடு கையிருப்பு தீர்ந்தது. விசாரணைக்கு சட்ட உதவி கேட்டு மனுப் போட்டு, வாங்கியும் ஆயிற்று. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், சார்ஜ் ஷீட் என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே இல்லை. இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள் என்றால் அது ஏற்கெனவே தெரிந்திருக்கும், பாவம்.

படி 1: ஆள் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா?

காவலில் இருந்தால் வருமானப் பேச்சே கிடையாது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, பிரிவு 12-இல் தகுதியுள்ளவர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் காவலில் இருப்பவர் என்பது தனி வகை. கோடீஸ்வரராக இருந்தாலும் சரி.

கைதான ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அங்கே ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "ஐயா, வக்கீல் வைக்க வசதி இல்லை, சட்ட உதவி வேணும்." ரிமாண்ட் நேரத்துக்கென்றே சட்டப் பணிகள் குழு வக்கீல்களைப் போட்டிருக்கிறது. இந்த உரிமையைப் பற்றி எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 1980-இலேயே, பீகார் கைதிகள் தொடர்பான காத்ரி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போனது. சட்ட உதவி உண்டு என்று யாரும் சொல்லாததால் வக்கீல் இல்லாமலே விசாரிக்கப்பட்டவரின் தண்டனையையே ரத்து செய்தது. அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சிறைக்குப் போய்விட்டார் என்றால், உள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும், சட்டத் தன்னார்வலர்கள் வருவார்கள். சிறையில் ஆளைப் பார்க்கப் போகும்போது "சட்ட உதவி மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சிறை வழியாகவே, சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வந்துவிடும்.

ஜாமீனில் வெளியே வந்த பிறகு புதிதாக விண்ணப்பித்தால் 'காவல்' என்ற வகை கைகொடுக்காது. வேறு வகை ஏதாவது பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் வருமானம் காட்ட வேண்டும். மச்சினன் விஷயத்தில் நடந்தது இதுதான். உள்ளே இருந்தபோதே கேட்டிருந்தால் பின்னால் எழுதப்போகும் சான்றிதழ் கூத்து எதுவும் இருந்திருக்காது.

படி 2: வருமானத்துக்கு முன்னால் வகையைப் பாருங்கள்

கீழே உள்ளவர்களில் ஒருவராக இருந்தால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே கூடாது:

- பெண்கள், குழந்தைகள்
- பட்டியல் சாதி, பழங்குடியினர்
- மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள்
- ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானவர்கள்
- வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து, இன வன்முறை, சாதிக் கொடுமை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்கள்
- தொழிற்சாலைத் தொழிலாளர்கள்
- காவலில் இருப்பவர்கள் (மேலே சொன்னது)

பெண் என்றால் பெண், அவ்வளவுதான். ஐ.டி. கம்பெனியில் லட்சத்தில் சம்பளம் வாங்கினாலும் தகுதி உண்டு. "வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று கவுன்ட்டரில் கேட்டால், "பிரிவு 12(சி)-இல் கேட்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

நம்மூரில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் தருகிறார்கள். அதனால் அந்த வகையில் கேட்க முடியாது. வீட்டில் பெண் பெயரில் வழக்கு என்றால் கவலையில்லை. ஆண் என்றால் வருமான வழிதான்.

தொழிற்சாலைத் தொழிலாளர் என்பதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆலை அடையாள அட்டை இருந்தால் தாராளமாக முயலுங்கள்.

படி 3: வருமானம். இங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள்

எந்த வகையிலும் வராத ஆணுக்குத்தான் 3 லட்சம் கணக்கு. இணையத்தில் சட்டத்தின் மூலப்பிரதியைத் திறந்தால் 9,000 ரூபாய் என்று இருக்கும். பதறாதீர்கள். 9,000 "அல்லது மாநில அரசு நிர்ணயிக்கும் அதிகத் தொகை" என்பதுதான் முழு வாசகம். அந்த அதிகத் தொகைதான் இப்போது 3 லட்சம்.

அது யாருடைய வருமானம்? சட்டம் "ஆண்டு வருமானம் பெறும் நபர்" என்று விண்ணப்பிக்கிறவரைத்தான் சொல்கிறது. ஆனால் நாம் கையில் எடுத்துக்கொண்டு போவது தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ். இ-சேவையில் ஆர்.இ.வி. 103 என்ற எண்ணில் வரும். கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு வாங்குவதும் இதையேதான். இதில் வீட்டில் உள்ளவர்களின் வருமானத்தைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். மச்சினனுக்கு வண்டி வாடகை, டீசல் போக மாதம் 15,000 நிற்கும். ஆண்டுக்கு 1,80,000. அவனுடைய அப்பா, அதாவது என் மாமனார், ஓய்வுபெற்ற கண்டக்டர், பென்ஷன் மாதம் 18,000. ஆண்டுக்கு 2,16,000. இரண்டையும் கூட்டினால் 3,96,000. அவன் மட்டும் என்றால் வரம்புக்குள் வசதியாக இருக்கிறான். சான்றிதழைப் பார்த்தால் வெளியே நிற்கிறான். குற்றம் சாட்டப்பட்டவன் அவன், பென்ஷன் வாங்குகிறவர் அவர். இரண்டையும் ஏன் கூட்ட வேண்டும்?

முதலில் போன அலுவலகத்தில் இருந்தவர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு லட்சத்துக்கு மேல வருதே, வேற வாங்கிட்டு வாங்க" என்று நீட்டினார். வேறு வாங்குவது என்றால் மறுபடி இ-சேவை, 60 ரூபாய், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணைத் தாசில்தார் என்று அதே சுற்று. வாய்தா தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 13(2): வருமானம் பற்றி விண்ணப்பதாரர் தரும் பிரமாணப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளப்படலாம், அதை நம்பாமலிருக்க ஆணைக்குழுவுக்குக் காரணம் இருந்தாலொழிய. தாசில்தார் சான்றிதழ் இல்லாவிட்டால் மனு நிற்காது என்று எங்கும் எழுதவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்தது ஏறத்தாழ இப்படி:

"நான் இன்னார் மகன் இன்னார், வயது இன்னது. வாடகை லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். செலவு போக என் மாத வருமானம் சுமார் ரூ.15,000, ஆண்டுக்கு ரூ.1,80,000. வேறு வருமானம் இல்லை. என் பெயரில் நிலமோ வீடோ இல்லை. என் தந்தை பெறும் ஓய்வூதியம் அவருடையது. அது என் வருமானம் அல்ல. மேற்கண்டவை உண்மை."

தந்தையின் பென்ஷனை மறைக்காமல் எழுதியதைக் கவனியுங்கள். மறைத்துவிட்டுப் பின்னால் தெரியவந்தால் "நம்பாமலிருக்கக் காரணம்" நாமே கொடுத்ததாகிவிடும். பொய்த் தகவல் தந்து வாங்கிய உதவியை நடுவழியில் நிறுத்தவும் விதிகளில் இடமிருக்கிறது. இருப்பதை எழுதி, அது ஏன் கணக்கில் வராது என்றும் எழுதிவிடுவது நல்லது.

முத்திரைத்தாள் வாங்க ஓடுவதற்கு முன், படிவத்தில் உள்ள உறுதிமொழியே போதுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பத்திர எழுத்தர் கடையில் நுழைந்தால் இந்த ஐந்து வரிக்கு இரண்டு பக்கம் தட்டித் தருவார், காசும் போகும்.

படி 4: விண்ணப்பம்

எங்கே கொடுப்பது? தாலுகா கோர்ட் வழக்கென்றால் வட்ட சட்டப் பணிகள் குழு. மாவட்டத் தலைநகர் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. இரண்டும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். குழப்பமாக இருந்தால் 15100-க்கு அடியுங்கள், கட்டணமில்லை.

ஆன்லைனிலும் போடலாம். நான் நேரில்தான் போகச் சொல்வேன். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி உடனடியாக, அதிகபட்சம் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அந்த 7 நாள் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கே இருக்கும் தன்னார்வலர் எழுதிக்கொள்வார்.

எஃப்.ஐ.ஆர். நகல், சார்ஜ் ஷீட் வந்திருந்தால் அது, ஆதார் நகல், அடுத்த வாய்தா தேதி எழுதிய சீட்டு ஆகியவற்றை வையுங்கள். "நான் நிரபராதி" என்று கதை எழுதி நிரப்ப வேண்டாம். வழக்கில் எதிர்வாதம் செய்ய முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

போகும்போது "அரசு வக்கீல் எங்கே?" என்று கேட்காதீர்கள். நேராக அரசுத் தரப்பு வழக்கறிஞர் அறையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவர் உங்களுக்கு எதிராக வாதாடப்போகிறவர். "சட்ட உதவி ஆபீஸ்" என்று கேளுங்கள்.

படி 5: வக்கீல் வந்த பிறகு

2022-இல் வந்த திட்டப்படி, பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு வாதாட மட்டும் தனி அலுவலகம் இருக்கிறது. எல்.ஏ.டி.சி. என்பார்கள். அங்கே இருப்பவர்கள் முழுநேரம் இதே வேலை பார்ப்பவர்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. வக்கீல் எங்கே என்று கோர்ட் கோர்ட்டாகத் தேட வேண்டியதில்லை.

அவர்களுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் நீதித்துறை அதிகாரிதான். இன்னொன்று, இவர் இருக்கும்போதே வெளி வக்கீல் ஒருவரையும் வைத்துக்கொண்டால் உதவியை ரத்து செய்யலாம்.

எங்களைப் போல வெளி வக்கீலிடமிருந்து மாறுகிறவர்களுக்கு: பழையவரிடம் வக்காலத்து மாற்றச் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தர மறுத்தால், அப்படிப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சண்டை போடாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: 3 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிறேன், ஆனாலும் முடியவில்லை

கருத்துப் பெட்டியில் அதிகம் வந்த கேள்வி. மாதம் 28,000 சம்பளம், ஆண்டுக்கு 3,36,000. கொலை முயற்சி வழக்கு. வெளி வக்கீல் கேட்கும் தொகை கட்டுப்படியாகாது. என்ன செய்வது?

ஆணைக்குழு வழி அடைபட்டாலும் நீதிமன்ற வழி இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்), பிரிவு 341: குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை, வக்கீல் வைக்கப் போதிய வசதியும் இல்லை என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், அரசு செலவில் வக்கீல் நியமித்தாக வேண்டும். இங்கே 3 லட்சம் என்ற எண்ணே இல்லை. அந்த வழக்குக்கு ஆகும் செலவைச் சமாளிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 304 முதன்மையாக செஷன்ஸ் விசாரணையைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் எந்த நீதிமன்றத்தின் விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் தவணை, வாடகை ரசீது எல்லாவற்றையும் சேர்த்து நீதிபதியிடமே மனுக் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: நிராகரித்துவிட்டார்கள்

வாயால் "கிடையாது" என்று சொன்னால் அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து ஆணைக்குழுத் தலைவருக்கு மேல்முறையீடு போடலாம். மாவட்டத்தில் தலைவர் என்பவர் மாவட்ட நீதிபதி. எழுத்தில் கேட்டதுமே பல நேரம் மனு உள்ளே போய்விடுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. பிரிவு 13(2)-ஐ மேற்கோள் காட்டி ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். அதே கவுன்ட்டரில், அதே பிரமாணப் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை 3: தண்டனை ஆகிவிட்டது, மேல்முறையீடு

செஷன்ஸ் கோர்ட் தண்டனை என்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போக வேண்டும். சென்னைக்கு ஒன்று, மதுரைக் கிளைக்கு ஒன்று. மதுரைக் கிளைக்கு உட்பட்ட மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம். தண்டனை பெற்றவர் சிறையில் இருந்தால் மறுபடி காவல் வகை வந்துவிடும், வருமானம் கேட்க மாட்டார்கள். சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலை அன்றே இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். அதை வாங்காமல் கோர்ட்டை விட்டு வராதீர்கள். மேல்முறையீட்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும்.