பால்டிக் தீவுகளுக்குக் கப்பல் ஏறுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எஸ்தோனியாவில் ஹாப்சாலு ஊரில் இறங்கி, ஹீயுமா தீவுக்குக் கப்பல் எங்கே என்று கேட்டால் யாரும் கடலைக் கை காட்ட மாட்டார்கள், பஸ் நிறுத்தத்தைத்தான் காட்டுவார்கள். கப்பல் புறப்படும் ரோஹுகூலா துறை அங்கிருந்து இன்னும் 9 கிலோமீட்டர். அந்தக் கரையில் நீங்கள் போய் இறங்குகிற ஹெல்தெர்மாவும் வெறும் துறைதான், தீவின் பெரிய ஊரான கார்ட்லாவுக்கு அங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கடலைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம், அதில் எந்தச் சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் முன்னும் பின்னும் இருக்கிற தரையில்தான். கப்பலுக்கு டிக்கெட் போட்டாயிற்று, மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் இந்தப் பக்கம் வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு. கடைசிக் கப்பலில் இறங்கி, வந்த கார்களெல்லாம் பத்து நிமிடத்தில் போய்விட்ட பிறகு, பெட்டியோடு அந்தத் துறையில் நின்று பார்த்தால்தான் அது புரியும்.

சாரெமா தீவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். எஸ்தோனியக் கரையில் உள்ள விர்ட்சு துறையிலிருந்து குய்வாஸ்து வரை கப்பலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் குய்வாஸ்து இருப்பது சாரெமாவில் இல்லை, பக்கத்துத் தீவான முஹுவில். 1896-ல் கட்டி முடித்த கடல் அணைச் சாலை வழியாகப் போனால்தான் சாரெமா வரும், அப்புறம் குரெஸ்ஸாரே நகரம். துறையிலிருந்து மொத்தம் 75 கிலோமீட்டர். அதனால் காரில்லாதவர்கள் துறைக்குத் தனியாக, கப்பலுக்குத் தனியாக என்று பிரித்துத் திட்டம் போடாமல், தலைநகர் தாலினிலிருந்து குரெஸ்ஸாரேவுக்கு நேராகப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். பஸ்ஸே கப்பலுக்குள் ஏறும். டிரைவர் கதவைத் திறந்ததும் எல்லோரும் இறங்கி இரும்புப் படிகளில் மேல்தளத்துக்குப் போவார்கள், நீங்களும் போங்கள், ஆனால் எந்தப் படியில் ஏறினீர்கள், பஸ் எந்த வரிசையில் நிற்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள். மேலே காபிக்கு வரிசையில் நின்று, வாங்கி, உட்கார்ந்து ஆற்றுவதற்குள் கரை வந்துவிடும். அறிவிப்பு வந்தவுடனே கீழே இறங்க வேண்டும், கோப்பையில் பாதி இருந்தாலும் சரி. கீழே கார்கள் நெருக்கி நிற்பதால் தப்பான படியில் இறங்கிவிட்டுத் தேடுவது சுலபமில்லை.

பின்லாந்துக்குச் சொந்தமான ஓலாந்து தீவுகளில் இதைவிட மோசமாக மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பின்லாந்தின் துர்க்குவுக்கும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் ஓலாந்தில் நின்று போகும். காரணம் வரி. ஓலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுவிட்டுப் போனால் கப்பலில் வரியில்லாமல் விற்கலாம், 1999-ல் ஒன்றியத்துக்குள் அந்தச் சலுகை நின்றுபோன பிறகும். ஆனால் இரவில் போகிற கப்பல்கள் பல தலைநகரான மாரியேஹாம்னில் நிற்காமல் லாங்னேஸ் என்ற துறையில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நிற்கும். அங்கிருந்து நகரம் 30 கிலோமீட்டர் அளவு தூரம். டிக்கெட்டில் ஓலாந்து என்று பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள், எந்தத் துறை, எத்தனை மணி என்று இரண்டையும் பாருங்கள்.

மணி என்றதும் இன்னொன்று. பின்லாந்து, ஓலாந்து, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா எல்லாம் ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி, போலந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். ஸ்வீடனின் கிரிஸ்லேஹாம்னிலிருந்து ஓலாந்தின் எக்கேரோவுக்குக் கடலில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் அட்டவணையில் போகும்போது மூன்று மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் என்று தெரியும், ஏனென்றால் அந்தந்தத் துறைக்கு அந்தந்த ஊர் நேரத்தைப் போட்டிருப்பார்கள். போனை நம்பாதீர்கள், அது எந்தக் கரையின் சிக்னலைப் பிடித்திருக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். (இதே கடலைத்தான் 1638 முதல் ஓலாந்து விவசாயிகள் தபால் மூட்டையோடு துடுப்புப் போட்டுக் கடந்தார்கள், குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் படகை இழுத்துக்கொண்டும் போனார்கள், அதில் செத்தவர்கள் பலர். இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் உட்காரும்போது நான் ஒவ்வொரு முறையும் அவர்களை நினைத்துக்கொள்வேன்.)

அட்டவணையை அவசரமாகப் படிக்காதீர்கள். எஸ்தோனிய அட்டவணையில் கிழமைகளை E, T, K, N, R, L, P என்று ஒற்றை எழுத்தில் போடுவார்கள். E திங்கள், R வெள்ளி, P ஞாயிறு. அங்கே T செவ்வாய், ஆனால் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் to என்று இருந்தால் வியாழன். கோடைக்கால அட்டவணை வேறு, மற்ற மாதங்களுக்கு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். எஸ்தோனியாவின் ருஹ்னு தீவுக்குக் குளிர்காலத்தில் கப்பல் போகாது, சிறு விமானம்தான். ஜூன் கடைசியில் வரும் நடுக்கோடைத் திருநாளுக்கு ஊரே தீவுக்குக் கிளம்பும், அப்போது காரோடு போகிறவர்கள் முன்பே இடம் பிடித்திருக்க வேண்டும்.

ஓலாந்தின் வெளித்தீவுகளுக்குப் போனால் ஒரு விஷயம் கவனம். சில நிறுத்தங்களில் ஆள் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால்தான் கப்பல் ஒதுங்கும். சொல்லாமல் துறையில் காத்திருந்தால் கண் முன்னாலேயே அது போய்விடும். ஜெர்மனியின் ஹிடென்ஸே தீவில் கார் கிடையாது, ஆனால் நொயெண்டார்ஃப், ஃபிட்டே, க்ளோஸ்டர் என்று மூன்று துறைகள் உண்டு, தங்குமிடம் எதன் பக்கத்தில் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு நடைதான். டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸோவுக்கு நாய் பூனையைக் கூட்டிப் போக அனுமதி இல்லை.

கடைசியாக, காற்று. பால்டிக் கடலில் தினமும் நீர் ஏறி இறங்கும் ஓதம் கிடையாது என்றே சொல்லலாம், அதனால் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் காற்று ஒரே பக்கமாக நாட்கணக்கில் அடித்தால் தண்ணீரையே தள்ளிக்கொண்டு போய்விடும். ஹீயுமாவுக்கும் கரைக்கும் நடுவில் கடல் ஆழமில்லாதது, மட்டம் இறங்கினால் வானம் தெளிவாக இருக்கும்போதே கப்பலை நிறுத்திவிடுவார்கள், அல்லது குறைந்த பாரத்தோடு ஓட்டுவார்கள். புயல் இல்லையே என்று தைரியமாக இருக்காமல், கிளம்பும் அன்று காலையில் கப்பல் ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தீவிலிருந்து திரும்புகிற அன்றே தாலினில் விமானம் பிடிப்பதாகத் திட்டம் போட்டிருந்தால், ஹாப்சாலுவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் விமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.