நனைந்த விறகை எரிய வைப்பது எப்படி?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, பேராவூரணிப் பக்கம் எங்கள் வீட்டில் பல நாள் விறகடுப்புதான். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. தோப்பில் சாய்ந்த தென்னையெல்லாம் நனைந்து கிடந்தது. நான் விறகில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்தேன்; எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் அடுப்பு அணைந்தது. அப்புறம் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

சுடர் விட்டு எரிவது கட்டை அல்ல. சூடு 250, 300 டிகிரியைத் தொடும்போது கட்டைக்குள்ளிருந்து ஒரு வாயு கிளம்பும், அதுதான் எரிகிறது. ஈரம் வற்றும்வரை விறகு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப்போல ஏறத்தாழ 7 மடங்கு, அதை ஆவியாக்கவே போய்விடும். மண்ணெண்ணெய் அவ்வளவு நேரம் தாங்காது.

அதனால் சிறியதிலிருந்து தொடங்குங்கள். எரவாணத்தில் செருகிவைத்த காய்ந்த பன்னாடை அடியில். அதன்மேல் சுண்டுவிரல் கனத்தில் சுள்ளிகள், குறுக்கும் நெடுக்குமாக, காற்று புகும்படி. சுள்ளி பிடித்ததும் நாலு கொட்டாங்கச்சி. இதை விட்டுவிடாதீர்கள், கொட்டாங்கச்சி நின்று எரிந்து நல்ல கங்கு கொடுக்கும், ஈரத்தை வற்றடிப்பது அந்தக் கங்குதான். பெரிய விறகைப் பிளந்து போடுங்கள். ஏற்கெனவே காய்ந்த விறகென்றால் மழையில் நனைந்தது மேல்பக்கம்தான், உள்ளே காய்ந்திருக்கும்.

இனி புகையைப் பாருங்கள். கெட்டியாக வெள்ளைப்புகை வந்தால், நீராவியோடு எரிய வேண்டிய வாயுவும் வீணாக வெளியேறுகிறது என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் மெழுகுவத்தியை ஊதி அணைத்து, உடனே அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றும். அடுப்பு புகைந்தால் விறகைத் திணிக்காமல், இரண்டு கட்டையை வெளியே இழுத்து இடைவெளி விட்டு, ஊதாங்குழலால் கங்கின் அடியில் ஊதுங்கள். கங்கு இருக்கும்போது மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஆவியாகி முகத்துக்கு நேரே பற்றும்.

வாயு தீர்ந்த பின் மிஞ்சும் கங்கு வெறும் கரி. சுடர், புகை இல்லாமல் கனியும். குழம்பு சுண்ட இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதிலிருந்து வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும், அது ஆளைக் கொல்லும். குளிருக்காகக் கங்குச் சட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதென்றாலும் சன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.