கட்டளைக்குப் பெயர் வைக்கும் முன் போனில் சொல்லிப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லாரி எடைச்சீட்டுகளுக்காக பாஷ் ஷெல்லில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் மென்பொருளில், சின்னச் சின்னக் கட்டளைகள் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுக்கு 'கிளீன்' என்று பெயர் வைத்தேன். வெற்று வரிகளைத் துடைக்கும் என்று நம்பி இரவு ஷிப்ட் தம்பி அதை ஓட்ட, அன்றைய சீட்டு அத்தனையும் போய்விட்டது. விடிய விடிய கார்பன் நகலைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். தவறு அவனுடையது இல்லை, நான் வைத்த பெயருடையது.

இப்போதெல்லாம் புதுப் பெயரை முதலில் அவனுக்குப் போனில் சொல்வேன். "தம்பி, இது என்ன செய்யும்னு நினைக்கிற?" அவன் தயங்கினாலே பெயரை மாற்றிவிடுவேன். அழிக்கிற கட்டளை என்றால் பெயரில் 'டெலீட்' இருந்தே ஆக வேண்டும்.

பொருளை முன்னால் வையுங்கள், செயலைப் பின்னால்: ஸ்லிப்-ஃபைண்ட், ஸ்லிப்-பிரிண்ட், ஸ்லிப்-டெலீட். 'ஸ்லிப்-' வரை அடித்து டேப் விசையை இருமுறை தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பாஷ் போன்ற இன்னொரு ஷெல்லான ஃபிஷும் 2016-ல், எழுத்துத் தொடர்களைக் கையாளும் 'ஸ்ட்ரிங்' என்ற ஒரே கட்டளைக்குள் ஸ்பிளிட், மேட்ச், ரீப்ளேஸ் என்று அடுக்கியது. 'சீட்டு' என்றே வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஆங்கில எழுத்தில் அதை ஆளுக்கு ஒரு விதமாக அடிக்கிறார்கள்.

'நோ' என்று தொடங்கும் பெயரே வேண்டாம். பாஷில் 'நோக்ளாபர்' என்றொரு அமைப்பு உண்டு. '>' குறி பழைய கோப்பின் மேல் எழுதிவிடாமல் தடுக்கும். 'செட் -ஓ நோக்ளாபர்' அதை இயக்கும், 'செட் +ஓ நோக்ளாபர்' நிறுத்தும். கூட்டல் குறி நிறுத்துகிறது, அதுவும் ஒரு 'நோ'வை! அரைத் தூக்கத்தில் இருப்பவனுக்கு எப்படிப் புரியும்?

வைக்கப்போகும் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று 'டைப் -ஏ' போட்டுப் பாருங்கள். 'டெஸ்ட்' என்று ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய கோப்பு) எழுதிவிட்டு வெறும் பெயரை அடித்தால், ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் 'டெஸ்ட்'தான் ஓடும். திரையில் ஒரு எழுத்தும் வராது.

ஒரே வகை மாங்காயை இங்கே பெங்களூரா, கல்லாமை, கிளிமூக்கு என்கிறோம். மண்டியில் காய் கண்ணெதிரே கிடக்கிறது, குழப்பமில்லை. ஷெல்லில் பெயர் மட்டும்தான் தெரியும், அதனால் ஒரு வேலைக்கு ஒரே பெயர். பழைய 'கிளீன்' இன்னும் இருக்கிறது. அடித்தால் எதையும் தொடாது. 'ஸ்லிப்-டெலீட்' என்று அடிக்கச் சொல்லி ஒரு வரி காட்டும். இந்த மாங்காய் சீசன் முடிந்ததும் அதை எடுத்துவிடுவேன்.