ஏர் ஃபிரையரில் தினசரிச் சமையல்: வெண்டைக்காய் முதல் வஞ்சிரம் வரை

ஏர் ஃபிரையர் வாங்கிய வீடுகளில் முதல் வாரமே பஜ்ஜி போட்டுப் பார்ப்பார்கள். கரைத்த மாவு கூடையின் ஓட்டை வழியே ஒழுகி அடித்தட்டில் கருகிக் கிடக்கும். வாழைக்காய்த் துண்டு மட்டும் வெளிறிப்போய் மேலே நிற்கும். அத்தோடு பெட்டி பரண் ஏறிவிடுகிறது. நல்ல சாமான் ஒன்று இப்படி வீணாவது வருத்தமான விஷயம். அதை எண்ணெய்ச் சட்டிக்கு மாற்று என்று நினைத்து வாங்குவதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

உள்ளே இருப்பது மேலே ஒரு சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சூடான காற்றைச் சுழற்றி அடிக்கிற சின்ன மின்சார அடுப்பு (oven), அவ்வளவுதான். காய்ந்த எண்ணெயில் போட்ட மாவு நாலு விநாடியில் இறுகிவிடும். அதே 180 டிகிரி காற்றில் இறுக நிமிடக்கணக்காகும். அதற்குள் ஒழுகுகிற மாவு ஒழுகிவிடும். அதனால் பஜ்ஜி, போண்டா, உளுந்து வடை மூன்றையும் இந்தப் பெட்டியிடம் எதிர்பார்க்க வேண்டாம். அடுப்படியில் ஒருவர் கரண்டியோடு இருபது நிமிடம் நின்று கிளற வேண்டிய வறுவலை இதனிடம் கொடுங்கள். குக்கரில் சாதமும் பருப்பும் ஒரு பக்கம், சாம்பார் கொதி ஒரு பக்கம், காய் பெட்டிக்குள். வேலை நாளில் இதன் உண்மையான பயன் இதுதான்.

ஈரமும் எண்ணெயும்

காயின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. முறுகலும் பழுப்பு நிறமும் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆகவே ஈரத்தோடு போட்ட காய் முதல் பத்து நிமிடம் வெறுமனே அவிகிறது. மொறுமொறுப்பு வரவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பங்கு இந்த ஈரத்தால் வருவதுதான். மீதி, கூடையை வாய்வரை நிரப்புவதால் வருவது. காற்று நுழைய வழியில்லாத காய்க்குவியல் தன் ஆவியிலேயே வெந்துகொள்ளும்.

எண்ணெய் சொட்டுக்கூட வேண்டாம் என்பதை நம்பாதீர்கள். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃபிரையரைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து உறைந்த ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்தான் இதன் பேர்போன பண்டம். பாக்கெட்டில் வரும் அந்த ஃபிரைஸ் ஆலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரித்து எடுக்கப்பட்டது. அதனால்தான் வீட்டில் எண்ணெய் விடாமலே அது முறுகுகிறது. நம் பச்சைக் காய்க்கு அந்த வசதி கிடையாது. 300 கிராம் காய்க்கு 2 டீஸ்பூன் எண்ணெய் கட்டாயம் வேண்டும். எண்ணெய் படாத மிளகாய்த்தூள் ஒரு பக்கம் பச்சை வாடை அடிக்கும், இன்னொரு பக்கம் கருகித் தொண்டையைக் கமறவைக்கும். முதலில் எண்ணெயைப் பிசறி, பிறகு தூளைத் தூவினால் தூள் ஒட்டி நிற்கும்.

வெண்டைக்காய் வறுவல்

இந்தப் பெட்டிக்கென்றே விளைந்த காய் இது. வாணலியில் கொழகொழப்புப் போக எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

300 கிராம் பிஞ்சு வெண்டைக்காயை முழுதாகவே கழுவி, துணியில் பரப்பி, ஃபேன் அடியில் அரை மணி நேரம் விடுங்கள். முந்தின இரவே கழுவித் துடைத்து வைத்துவிட்டால் காலையில் நேரம் மிச்சம். நறுக்கிய பிறகு கழுவினால் காரியம் கெட்டது. 1 செ.மீ. கனத்துக்கு நறுக்கி, 2 டீஸ்பூன் கடலெண்ணெய், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், முக்கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள், 1 டீஸ்பூன் அரிசி மாவு என்ற வரிசையில் பிசறுங்கள். உப்பு இப்போது வேண்டாம். உப்புப் பட்டதும் காய் நீர் விட்டுக்கொள்ளும்.

180 டிகிரி, 14 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் கூடையை இழுத்தால் துண்டுகளுக்கு நடுவே நூல் நூலாகக் கோழை தெரியும். பதற வேண்டாம், நன்றாகக் குலுக்கிவிட்டு மூடுங்கள். பத்தாவது நிமிடத்தில் நூல் காய்ந்திருக்கும், காயும் பாதியாகச் சுருங்கியிருக்கும். இப்போது அரை டீஸ்பூன் உப்பைத் தூவிக் குலுக்குங்கள். ஓரம் பழுப்பேறி, விதைகள் வெளியே துருத்தி, கூடையை ஆட்டினால் சலசலவென்று சத்தம் வந்தால் பதம். எடுத்த சூட்டோடு மூடி வைத்தால் ஐந்தே நிமிடத்தில் நமுத்துவிடும். திறந்த தட்டில் பரப்புங்கள். டிபன் பாக்ஸில் கட்டுவதானால் நன்றாக ஆறவிட்டு மூடுங்கள்.

கறிவேப்பிலையைச் சும்மா மேலே தூவினால் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும். எண்ணெயில் புரட்டி, கடைசி இரண்டு நிமிடம் காய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கடுகு, உளுத்தம்பருப்புத் தாளிப்பு வேண்டுமென்றால் தனியாகக் கரண்டியில் தாளித்துக் கொட்டுவதே வழி.

மற்ற காய்கள்

உருளைக்கிழங்கு: 400 கிராம், 2 செ.மீ. சதுரங்களாக நறுக்கி 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். மேலே இருக்கும் மாவுச்சத்து கழுவிப் போனால் ஒன்றோடொன்று ஒட்டாது, சீராகச் சிவக்கும். உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் 5 நிமிடம் வேகவைத்து வடித்து, வடிதட்டிலேயே ஆவி அடங்கும்வரை விட்டு, இரண்டு குலுக்குக் குலுக்குங்கள். ஓரங்கள் உரசி மாவாகும். அந்த உரசின ஓரம்தான் பிறகு முறுகும். 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் பிசறி 200 டிகிரியில் 10 நிமிடம் விட்டு, அதன் பிறகு 180க்குக் குறைத்து மிளகாய்த்தூளும் சோம்புத்தூளும் தூவி இன்னும் 6 நிமிடம். தூளை முதலிலேயே போட்டால் 200 டிகிரியில் கருகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு இதற்கு ஆகாது. குளிரில் அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறுவதால் உள்ளே வேகுமுன்பே மேலே கறுக்கும்.

சேனையைப் புளித்தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்தே போட வேண்டும். நாக்கு அரிப்பு வெறும் காற்றில் போகாது. பாகற்காயை மெல்லிய வட்டமாக அரிந்து, உப்புப் பிசறி 15 நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டு 170 டிகிரியில் 15 நிமிடம் விடுங்கள். 180இல் வைத்தால் கசப்போடு கருகலும் சேரும். காலிஃபிளவரை மஞ்சள் போட்ட வெந்நீரில் 3 நிமிடம் வைத்து எடுத்து ஈரம் போகத் துடைத்து, 2 டேபிள்ஸ்பூன் சோள மாவு, 1 டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, மசாலாத்தூள், 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஆகியவற்றில் தண்ணீர் தெளிக்காமல் புரட்டி 190இல் 12 நிமிடம். துடைத்த பின்னும் பூவில் மிஞ்சும் ஈரமே மாவுக்குப் போதும்.

கூட்டுக்கும் கீரைக்கும் இதில் வேலையில்லை. தேங்காய் துருவிப் போடும் பீன்ஸ், கோஸ் பொரியலுக்கும் வாணலியே நல்லது. கத்தரிக்காய்த் துவையலுக்கும் கொத்சுவுக்கும் காயைச் சுட மட்டும் பெட்டியைத் தாராளமாக நம்பலாம். பெரிய கத்தரிக்காயில் நாலைந்து இடத்தில் கத்தியால் குத்தி எண்ணெய் தடவி 200 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி கட்டி வெடித்துவிடும். தணலில் சுட்ட புகை மணம் இதில் வராது. ஆனால் அடுப்பைத் துடைக்கிற வேலையும் இல்லை.

வஞ்சிரம் வறுவல்

2 செ.மீ. கனத்தில் 4 துண்டு. கழுவியதும் துணியால் ஒற்றி எடுங்கள். ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், 1 டீஸ்பூன் மல்லித்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், 1 டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, முக்கால் டீஸ்பூன் உப்பு, 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய். மசாலா குழைத்த சந்தனம்போல் கெட்டியாக இருக்க வேண்டும். வழிந்தால் கூடையில்தான் ஒட்டும். தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் மேற்பரப்புக் காய்ந்து மசாலா பிடித்துக்கொள்ளும்.

காலிக் கூடையை 190 டிகிரியில் 3 நிமிடம் சூடாக்கி, எண்ணெய் தடவி, துண்டுகளை ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். 7 நிமிடம் வரை தொடவே கூடாது. அதற்கு முன் திருப்பினால் மசாலா கூடையோடு போய்விடும், மீன் வெறுமையாக வரும். மேலோடு இறுகியதும் தட்டையான கரண்டி கொடுத்தால் தானே விடும். திருப்பிப் போட்டு இன்னும் 4 நிமிடம். நடுமுள் ஓரத்தில் சதை வெள்ளையாகி, கரண்டி பட்டதும் மடல் மடலாகப் பிரிந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் இரண்டு நிமிடம் விட்டால் வஞ்சிரம் சக்கையாகிவிடும். ஓடும் காற்று மீனின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

நெத்திலி 200 கிராமுக்கு 8 நிமிடம் போதும். மத்தி மீனில் சொந்த எண்ணெயே நிறைய உண்டு. மேலே ஒரு டீஸ்பூன் தடவினால் போதும், ஆனால் கொழுப்புச் சொட்டிப் புகையும். அடித்தட்டில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு வைத்தால் சொட்டும் கொழுப்பு தீயாது. தோலோடு போடும் கோழிக்கும் இதையே செய்யலாம்.

எலும்பில்லாத கோழித்தொடை 300 கிராம் என்றால் 3 செ.மீ. துண்டுகளாக்கி, துணியில் வடித்த கெட்டித் தயிர் 2 டேபிள்ஸ்பூனும் சோள மாவு 1 டேபிள்ஸ்பூனும் உப்பு, காரமும் சேர்த்து ஊறவைத்து 190இல் 14 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பல். எலும்புள்ள கால் துண்டுக்கு ஆழமாகக் கீறல் போட்டு 180இல் 25 நிமிடம். கோழிக்கு நடுச்சதை 74 டிகிரியை எட்ட வேண்டும். சதையில் குத்தும் வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள்.

பருப்பு வடை, அப்பளம்

கடலைப்பருப்பு 1 கப், 2 மணி நேரம் ஊறவைத்து, கால் மணி நேரம் வடியவிட்டு, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய் சேர்த்துத் தட்டுங்கள். எண்ணெயில் போடுவதைவிட மெல்லிசாக, 1 செ.மீ.க்குள் இருக்கட்டும். இருபுறமும் எண்ணெய் தடவி, சூடான கூடையில் 190 டிகிரியில் 8 நிமிடம், திருப்பி 5 நிமிடம். சூட்டோடு தின்ன நன்றாக இருக்கும், ஆறினால் கல்லாகும். மாலை வரை வைக்க நினைத்தால் எண்ணெயிலேயே சுடுங்கள்.

அப்பளத்துக்கு இருபுறமும் லேசாக எண்ணெய் தடவி 180இல் ஒன்றரை நிமிடம் போதும். அப்பளம் இறகுபோல் எழும்பிச் சிவந்த சுருளில் போய் ஒட்டித் தீப்பற்றலாம். மேலே ஒரு எவர்சில்வர் ஸ்டாண்டைக் கவிழ்த்து வைக்காமல் போடவே கூடாது. அரிசி வடகம் எண்ணெயில் பொரிவதுபோல் இதில் மலராது.

நேற்றைய வடை, சமோசா, கடையில் வாங்கிய வறுத்த கோழி எல்லாவற்றுக்கும் 160 டிகிரி, 4 நிமிடம். மைக்ரோவேவில் சவசவவென்று ஆகும் பண்டங்கள் இதில் மீண்டும் மொறுமொறுப்பாகும்.

பெட்டியைப் பற்றிச் சில

1500 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாதாரணப் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகாதீர்கள், பவர் பிளக்கில் போடுங்கள். 15 நிமிடம் இடைவிடாமல் ஓடினாலும் 0.375 யூனிட்தான். பின்புறம் சூடு வெளியேறும் வழிக்கு ஒரு சாண் இடம் விடுங்கள்.

இரண்டு வெவ்வேறு பெட்டியில் ஒரே 180 என்று வைத்தாலும் சூடு ஒன்றாக இருக்காது. அதனால் இங்கே சொன்ன நேரத்துக்கு 3 நிமிடம் முன்பே முதல் தடவை திறந்து பாருங்கள். உங்கள் பெட்டியின் போக்குத் தெரிந்ததும் அந்த நிமிடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்கு 4 லிட்டர் கூடை ஒரே தடவையில் போதாது. இரண்டு ஈடாகச் செய்து, இரண்டாம் ஈடு முடியும் கடைசி 2 நிமிடத்தில் முதல் ஈட்டையும் மேலே கொட்டினால் எல்லாமே சூடாக வரும். பதம் வந்த காய்க்குக் காற்றுத் தடை அவ்வளவு பெரிதில்லை.

பேக்கிங் தாளைக் காலிக் கூடையில் வைத்துச் சூடாக்கினால் அதுவும் அப்பளம்போலப் பறந்து தீப்பற்றும். மீனுக்குத் தணலில் வாட்டிய வாழையிலையைக் கூடையைவிடச் சிறியதாக வெட்டிப் போடலாம், காற்று ஓரத்தில் இறங்கும். புளி, தக்காளி, எலுமிச்சை சேர்ந்த மசாலாவை அலுமினியத் தாளில் வைக்காதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். கடையில் விற்கும் ஸ்ப்ரே டின் எண்ணெய்களில் சிலவற்றில் உள்ள லெசித்தின் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படிந்து உரிக்கவைக்கும். எண்ணெய்க்குப் பிரஷே போதும்.

கூடையை ஆறவிட்டு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து மெல்லிய ஸ்பாஞ்சால் தேய்த்தால் போதும், கம்பி நார் வேண்டாம். மீன் வாடைக்கு அந்த வெந்நீரிலேயே பிழிந்த எலுமிச்சை மூடிகளைப் போடுங்கள். பலரும் மறப்பது மேலே உள்ள சுருள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, முழுதாக ஆறியபின் பெட்டியைக் கவிழ்த்து, ஈரத்துணியால் சுருளைத் துடையுங்கள். வெறும் காய் வறுக்கும்போதும் புகை வருகிறது என்றால் அங்கே பழைய கோழிக்கொழுப்புத் தீய்ந்துகொண்டிருக்கிறது.