மிதவையின் சாட்டிலைட் மோடமும் 15 என்ற எண்ணும்

பெர்த் கடலில் விடவேண்டிய டிராக்கிங் மிதவைக்கு இரிடியம் 9602 மோடம் (சாட்டிலைட் வழியே சிறு செய்திகள் அனுப்பும் கருவி) போட்டிருந்தேன். திறந்த வெளியில் வைத்தால் சிக்னல் 5-க்கு 5. ஆனால் செய்தி அனுப்பச் சொல்லும் ஏடி+எஸ்பிடிஐஎக்ஸ் (AT+SBDIX) கட்டளை கொடுத்தால் பதிலில் முதல் எண் 15. ஒரு செய்தியும் போகவில்லை.

இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும். 0 முதல் 4 வரை என்றால் செய்தி போய்விட்டது. 32 என்றால் நெட்வொர்க் கிடைக்கவில்லை, ஆன்டெனாவைக் கவனிக்கலாம். 15 என்றால் அனுமதி மறுப்பு. ஆன்டெனாவை எவ்வளவு திருப்பினாலும் பிரயோஜனமில்லை.

சரி என்று ஏடி+சிஜிஎஸ்என் (AT+CGSN) கட்டளை கொடுத்து மோடத்தின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கருவியின் அடையாள எண்) எடுத்து, சேவைக் கணக்கில் இருந்ததோடு ஒப்பிட்டேன். விற்றவர்கள் பதிந்ததில் கடைசிப் பக்கம் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன! மின்னஞ்சல் அனுப்பித் திருத்தச் சொன்னதும் பதில் 0 வந்தது.

அப்புறம் செலவு. ஒரு செய்தியில் 340 பைட் வரை போகும், ஆனால் எங்கள் திட்டத்தில் 50 பைட்டுக்கு ஒரு கிரெடிட் (கட்டண அலகு). எழுத்தாக அனுப்பினால் கட்டுப்படியாகாது. அட்சரேகை, தீர்க்கரேகையை 1,00,000-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் தலா 4 பைட்; நேரம் 4, பேட்டரி 2. ஆக ஒரு இடக்குறிப்புக்கு 14 பைட். ஒரே கிரெடிட்டில் மூன்று அடங்கிவிடுகின்றன.