தலைக்காயத்துக்குப் பின் கல்லூரியும் வேலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர் தையல் பிரித்து, நடக்கவும் பேசவும் ஆரம்பித்துவிட்டால், "எப்போது காலேஜ் போவான்?", "எப்போது டூட்டியில் சேருவார்?" என்ற கேள்வி வீட்டில் வந்துவிடும். தையல் ஆறியதையும் "ஸ்கேன் நார்மல்" என்ற வார்த்தையையும் வைத்துத் தேதி குறிப்பதுதான் முதல் தவறு. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கவனம் சிதறுவதையும் யோசிக்கும் வேகம் குறைந்ததையும் அது காட்டாது. வீட்டில் ஒருவரோடு பேசும்போதும் அது தெரியாது. 50 நிமிட வகுப்பிலோ, நான்கு பேர் மாறி மாறிப் பேசும் மீட்டிங்கிலோதான் வெளிப்படும்.

நல்ல நாளை வைத்துக் கணக்குப் போடுவது

அதிகம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். ஒரு நாள் தலை தெளிவாக இருக்கும். விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று ஐந்து மணி நேரம் தொடர்ந்து படிப்பார்கள். அடுத்த இரண்டு நாள் தலைவலி, எரிச்சல், படுக்கை. இப்படியே நான்கு வாரம் போனால், "இனி என்னால் முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். உண்மையில் குறைந்தது திறமை இல்லை, ஒரே மூச்சில் தாங்கும் நேரம்தான்.

அந்த நேரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். உட்காரும் முன் தலைவலிக்கும் சோர்வுக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். 15 அல்லது 20 நிமிடம் படித்துவிட்டு மறுபடி போடுங்கள். விளையாட்டில் ஏற்படும் தலை அதிர்ச்சிக் காயங்களுக்காக 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்ன அளவுகோல் இங்கே உதவும்: முதலில் போட்ட எண்ணிலிருந்து 2 புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த வேலையைத் தொடரலாம். அதற்கு மேல் போனால் நேரத்தைக் குறையுங்கள். மறுநாள் காலை எப்படி எழுந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பலருக்குச் சோர்வு மறுநாள்தான் வரும். சோர்வு வந்த பிறகு ஓய்வெடுத்தால் தாமதம், அதற்கு முன்பே 10 நிமிடம் எடுத்துவிட வேண்டும். போன் பார்ப்பது ஓய்வு ஆகாது. கூட்ட நெரிசலான பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் உழைப்பாகவே கணக்கில் சேருங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு: லேசான காயத்துக்கும் வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு போதும். அதன்பின் சிறு நடை, சிறு வாசிப்பு என்று தொடங்கலாம். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்வதே வழி.

முழு செமஸ்டரும் அரியரும் ஒன்றாக

திரும்பும் செமஸ்டரிலேயே அரியரையும் சேர்த்து எழுதுவது பெரும்பாலும் எதிலும் தேறாமல் போகவே வழி செய்யும். கணக்குப் பேப்பரையும் நிறைய வாசிக்க வேண்டிய பேப்பரையும் ஒரே தேர்வுக் காலத்தில் வைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் 75 சதவீத வருகை கேட்கின்றன. சதவீதம் குறைந்த பிறகு ஓடாமல், குறையும் முன்பே மருத்துவச் சான்றோடு துறைத்தலைவரைப் பாருங்கள். எழுதும் வேகம் குறைந்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனச் சான்று பெற்றவர்களுக்கு, மத்திய அரசு வழிகாட்டுதல் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தருகிறது. தேர்வு வாரத்தில் கேட்டால் கிடைக்காது, செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள்.

வெறும் "ஃபிட்" சான்றிதழ்

"பணிக்குத் தகுதியானவர்" என்று ஒரே வரி எழுதி வாங்கினால், மறுநாளே நைட் ஷிப்ட் போட்டுவிடுவார்கள். தலைக்காயத்துக்குப் பின் சிலருக்கு வலிப்பு வரும், தூக்கம் கெடுவது அதைத் தூண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், நைட் ஷிப்ட், உயரம், இயந்திரம், வண்டி ஓட்டுதல் கூடுமா, மறு பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் விவரமாக எழுதி வாங்குங்கள். திங்கள், புதன், வெள்ளி நான்கு மணி நேரம் என்று தொடங்கலாம். இரண்டு வாரம் தாங்கினால் ஐந்து நாளாக்குங்கள், பிறகு ஆறு மணி நேரமாக்குங்கள். நாளையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. தலைவலி கூடினால் எதனால் என்று தெரியாமல் போகும்.

அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு அனுமதிப்பதில்லை. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் ஊழியருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதால் பேசி முடித்ததையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உள்ளவர் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டிருந்தால், அதைச் சாதாரண நோய் விடுப்பாகப் பதிய விடாதீர்கள். நோய்க்கான உதவித்தொகை ஊதியத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். பணிக்காயம் என்று ஏற்கப்பட்டால் சுமார் 90 சதவீதம்.

வகுப்பில் தூக்கம் வருகிறது என்று வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது மிக ஆபத்தானது. நேரத்தையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

"சோம்பேறியாகிவிட்டான்" என்ற பேச்சு வீட்டில் எழும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் திறன் குறையலாம். சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பார். திட்டுவதை விட, நாளின் வேலைகளை ஒரே நோட்டில் நேரத்தோடு எழுதி, அலாரம் வைத்துக் கொடுங்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, வலிப்பு, ஒரு கை கால் தளர்வது, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவை படிப்புச் சுமையால் வருபவை அல்ல. மண்டைக்குள் மெதுவாகச் சேரும் ரத்தம் வாரங்கள் கழித்தும் இப்படித் தெரியலாம். முதியவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.